விபத்தில் அண்ணனுக்குக் கணுக்கால் முறிவு, கார்க்காரர் "பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

நொய்யல்கரை

வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து எழுதறேன். அண்ணனுக்கு 34 வயசு. பனியன் கம்பெனியில பிளாட்லாக் டெய்லர், பீஸ் ரேட்டு வேலை. நல்ல சீசன்ல ஒன்றரை ஷிப்ட் போட்டா மாசம் 18,000க்கு மேலயே வரும். சனிக்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டர் கையில பணமா குடுப்பார். பே ஸ்லிப்னு ஒன்னும் கிடையாது.

போன வாரம் அண்ணனும் அண்ணியும் பைக்ல பல்லடம் ரோட்டுல வந்துட்டு இருந்தாங்க. சந்துக்குள்ள இருந்து ஒரு கார் நிக்காம மெயின் ரோட்டுக்கு ஏறி பைக்கை இடிச்சிருச்சு. அண்ணனுக்கு வலது கணுக்கால் உடைஞ்சு, பிளேட்டும் ஸ்குருவும் வச்சிருக்காங்க. அண்ணிக்கு இடது மணிக்கட்டுல விரிசல், மாவுக்கட்டு.

கார் ஓட்டினவர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். மரியாதையாத்தான் பேசறார். "50,000 தந்தர்றேன், கேஸ் வேண்டாம்"னு 20 ரூபா பத்திரத்துல எழுதியே கொண்டு வந்துட்டார். ஸ்டேஷன்ல இன்னும் எப்.ஐ.ஆர். போடல, புகார் வாங்கினதுக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் குடுத்திருக்காங்க. இதுக்கு நடுவுல வார்டுக்குள்ளயே ஒருத்தர் வந்து, "பெரிய தொகையா வாங்கித் தரேன், வர்றதுல 30 பர்சென்ட் எனக்கு"ன்னு வெத்துப் பேப்பர்ல கையெழுத்துக் கேக்கறார்.

அண்ணன் ஹெல்மெட் போடல. லைசென்ஸும் எடுக்கல, எல்.எல்.ஆர். மட்டும்தான் இருக்கு. அதனாலயே வீட்ல எல்லாரும் பயப்படறாங்க. என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

கொங்குத்தறி

தம்பி, நான் சொல்றது கசப்பா இருக்கும். எங்க தறிக்கூடத்துல வேலை பார்த்த பையனுக்கு இதே மாதிரி ஆச்சு. கேஸ் போட்டாங்க. வாய்தா வாய்தான்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. அதுக்குள்ள வாங்கின கந்துவட்டிக்கடன் தீர்ப்புத் தொகையில பாதியை முழுங்கிருச்சு. கார்க்காரர் நல்ல மனுஷனா இருந்தா 50,000ஐ ஒரு லட்சமாக் கேட்டு வாங்கிக்கிட்டு முடிச்சிருங்க. இன்னைக்கு ஆஸ்பத்திரி பில்லுக்குப் பணம் வேணும். அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற பணம் இன்னைக்கு அரிசி வாங்காது.

பவானிக்கரை வக்கீல்

ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீட்டு மனுக்களின் கட்டுகள்தான்.

கொங்குத்தறி அண்ணன் சொல்லும் வலி உண்மை. ஆனால் அந்தப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அண்ணன் கால் எந்த அளவுக்குத் தேறும் என்று இன்று யாருக்குமே தெரியாது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரே ஆறு மாதம் போகட்டும் என்பார். இழப்பு எவ்வளவு என்று தெரியும் முன்பே "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுப்பது, அளக்காமல் நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பது போன்றது.

கார்க்காரருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அவர் தன் கையிலிருந்து தர வேண்டியதே இல்லை. வண்டிக்கு நடப்பில் இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கட்ட வேண்டியது கம்பெனி. மூன்றாம் நபரின் (இங்கே அண்ணன், அண்ணி) உயிருக்கும் உடலுக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு அந்த பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. கம்பெனிக்குச் சொல்லாமல் அவராகவே பேசி முடித்தால் பாலிசி நிபந்தனையை மீறியதாகவும் ஆகும். மூன்றாம் நபர் கிளெய்மால் அவருடைய நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகாது. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாததால்தான் பயந்துபோய் பத்திரத்தோடு வருகிறார்கள். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். எம்பரிவாகன் செயலியில் கார் எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்த தேதி வரை என்று நீங்களே பார்க்கலாம்.

சி.எஸ்.ஆர். போதாது. எப்.ஐ.ஆர். வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 (முரட்டுத்தனமாக ஓட்டுதல்), 125(ஏ), எலும்பு முறிவு என்பதால் 125(பி). முதலில் 125(ஏ) மட்டும் போட்டாலும், காயச் சான்றிதழ் வந்த பிறகு பிரிவை மாற்ற வைக்கலாம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கோ மாநகரக் கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று 2011இல் ரவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் உயிரைக் காப்பாற்ற ஓடுவார்கள், ஸ்டேஷனுக்கு அப்புறம்தான் போவார்கள் என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும்.

காலக்கெடுவைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இது பற்றிய பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்கிறது பிரிவு 166(3). இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போதுள்ள விதி. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் தனியாக மனு போடுங்கள். விபத்து நடந்த ஊரிலோ, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ போடலாம். உங்களுக்கு இரண்டுமே திருப்பூர்தான்.

வார்டுக்குள் வந்த ஆளைப் பற்றி: வெற்றுத்தாளில் எதிலும் கையெழுத்து வேண்டாம். வருகிற தொகையில் பங்கு என்று பேசி வழக்கு எடுக்க பார் கவுன்சில் விதியே வழக்கறிஞர்களை அனுமதிக்கவில்லை. நேராக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அண்ணிக்குப் பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

கரிசல்காட்டுச் செவிலி

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவள். வக்கீல் சார் சொன்னதோட ஒன்னு சேர்க்கணும். ஏ.ஆர். என்ட்ரியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல எழுதினதைப் பாருங்க.

அடிபட்டு வந்ததும் டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டுல ரெண்டு மூணு வரி எழுதுவார். எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, எப்படி அடிபட்டதுன்னு. கூட வந்தவர் பதட்டத்துல "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க"ன்னு சொல்லுவார். அவர் சொன்னபடியே "தானாக விழுந்தார்"னு எழுதிருவாங்க. கார் இடிச்சதுங்கிற வார்த்தையே அதுல இருக்காது. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் "இந்த விபத்துக்கும் எங்க காருக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு கம்பெனி வக்கீல் வாதாடுவார். குடிச்சிருந்தாரான்னு ஒரு குறிப்பும் அதுல இருக்கும், அதையும் பாருங்க. முதல்ல எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களோ, அங்க போய் ஏ.ஆர். காப்பியை இப்பவே கேளுங்க.

இன்னொன்னு. தமிழ்நாட்டுல நடக்கற சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பர்ல தொடங்கினது. வெளிமாநிலத்துக்காரருக்கும் உண்டு. 2025 மே மாசத்துல இருந்து மத்திய அரசுத் திட்டமும் வந்திருக்கு, 7 நாள் வரைக்கும், ஒன்றரை லட்சம் வரை. நீங்க சேர்த்த ஆஸ்பத்திரி இதுல எதுலயாவது இருந்தா பில்லைக் கட்டறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க.

நொய்யல்கரை

அக்கா, ரொம்ப நன்றி. இன்னைக்கே போய்ப் பார்த்தேன். முதல்ல கொண்டு போன அரசு ஆஸ்பத்திரி ஏ.ஆர்.ல "கார் மோதியதில்"னு சரியாத்தான் இருக்கு. மது வாசனை இல்லைன்னும் எழுதியிருக்காங்க. ஆனா ஆபரேஷன் பண்ணின தனியார் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில "பைக்கில் இருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது"ன்னு இருக்கு. இது பிரச்சனை ஆகுமா?

கரிசல்காட்டுச் செவிலி

பெரிசா பயப்பட வேண்டாம் தம்பி. முதல்ல பதிஞ்சதுக்குத்தான் மதிப்பு அதிகம். இருந்தாலும் ஏ.ஆர். காப்பியை இணைச்சு, திருத்தித் தரச் சொல்லி மெடிக்கல் ரெக்கார்டு பிரிவுல எழுத்தில குடுங்க. வாயால சொன்னா மறந்துருவாங்க. எக்ஸ்ரே பிலிம், ஆபரேஷன் குறிப்பு, மெடிக்கல் ஷாப் பில் எல்லாத்துக்கும் ஒரே பை வையுங்க. வெயில்ல பில் மை மங்கிரும், அதனால அன்னன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துருங்க. ஆட்டோவுக்குக் குடுத்த காசையும் தேதி போட்டு எழுதி வையுங்க.

பைபாஸ்

எல்லாரும் ஒரே பக்கம் நின்று பேசுவதால் எழுதுகிறேன். நான் தினமும் கார் ஓட்டுபவன். ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை. அப்படி ஒருவர் ரோட்டில் வந்து மோதினாலும் பெரிய வண்டிக்காரன்தான் குற்றவாளியா? அந்தக் கார்க்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்திருக்கிறார். அவர் மேல் எப்.ஐ.ஆர். போட்டு, லைசென்ஸைப் பறித்து, கோர்ட்டுக்கு இழுப்பது நியாயமா? தன் தப்புக்கு அவரும் பொறுப்பு ஏற்கத்தானே வேண்டும்?

பவானிக்கரை வக்கீல்

பைபாஸ் நண்பரே, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தன் தப்புக்குத் தானும் பொறுப்பு என்பதைச் சட்டம் மறுக்கவில்லை. பங்களிப்புக் கவனக்குறைவு என்று அதைச் சொல்வோம். 20 சதவீதம் இவர் தப்பு என்றால் இழப்பீட்டில் 20 சதவீதம் கழியும். ஆனால் அந்தத் தப்புக்கும் விபத்துக்கும், அல்லது அந்தத் தப்புக்கும் காயத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

ஹெல்மெட் தலையைக் காக்கும். இங்கே உடைந்தது கணுக்கால். தலையில் அடிபட்டிருந்தால் கழிப்பது பற்றிப் பேச இடம் உண்டு, இங்கே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது குற்றம்தான், அதற்குத் தனியாக அபராதம் கட்டட்டும். லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று சுதிர் குமார் ராணா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்துவிட்டது. ஒரு பைக்கில் மூன்று பேர் போன வழக்கில்கூட, விபத்துக்கு அதுவே காரணமாக இருந்தால்தான் கழிக்கலாம் என்று 2020இல் சொன்னது. முகமது சித்திக் வழக்கு அது. சந்திலிருந்து நிற்காமல் மெயின் ரோட்டுக்கு ஏறியது கார். பைக்காரரிடம் லைசென்ஸ் இருந்திருந்தாலும் அந்தக் கார் நின்றிருக்காது.

எப்.ஐ.ஆர். பற்றி. கார்க்காரரைச் சிறைக்கு அனுப்ப யாரும் கேட்கவில்லை. இந்த இழப்பீட்டு முறை அந்த எப்.ஐ.ஆரை வைத்துத்தான் நகர்கிறது. அது இல்லாவிட்டால் கம்பெனி லேசில் பணம் தராது. குற்ற வழக்கில் அவர் விடுதலை ஆனாலும் இழப்பீட்டு மனு நிற்கும். ஏனென்றால் இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள்.

நொய்யல்கரை தம்பி, அண்ணிக்குத் தனி மனு போடுங்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவர் மேல் கவனக்குறைவு சுமத்த முடியாது. ஒருவேளை அண்ணன் மேலும் கொஞ்சம் தப்பு என்று முடிவானால்கூட, அண்ணி தன் முழுத் தொகையையும் காரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே வாங்கலாம். கென்யேய் வழக்கு, 2015. அண்ணி என்ன வேலை பார்க்கிறார்கள்?

நொய்யல்கரை

வீட்லதாங்க சார் இருக்காங்க. பனியன் பீஸை வீட்டுக்கு வாங்கியாந்து பிசிறு வெட்டித் தருவாங்க. அதுல வாரத்துக்கு ஏதோ கொஞ்சம் வரும். இப்ப கட்டுப் போட்டதுல கத்தரி பிடிக்க முடியல.

பவானிக்கரை வக்கீல்

"வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். பிசிறு வெட்டும் வேலை என்று எழுதி, பீஸ் கொடுப்பவரின் நோட்டில் இருக்கும் கணக்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். அது தவிர, சமைப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாமே வருமானம் உள்ள உழைப்பாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. அந்த நாட்களில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அந்தச் செலவையும் கேளுங்கள்.

பழைய சர்வேயர்

இன்சூரன்ஸ் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றுதான் தொகையைத் தீர்மானிக்கும்.

கட்டு கம்பெனிக்கு வந்ததும் முதலில் பார்ப்பது ஊனச் சதவீதம். மெடிக்கல் போர்டு 30 சதவீதம் என்று சான்றிதழ் தருகிறது என்று வையுங்கள். சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கித் தருவது நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் பழக்கம். 3,000, 4,000, 5,000 என்று பார்த்திருக்கிறேன். 5,000 என்றே வைத்தாலும் 30 சதவீதத்துக்கு 1,50,000. சம்பாதிக்கும் திறன் குறையவில்லை என்றால் அந்த முறை சரி. கம்பெனி வக்கீல் வழக்கை அந்தத் தடத்திலேயே வைத்திருக்கத்தான் பார்ப்பார்.

ஆனால் அண்ணன் என்ன வேலை செய்கிறார்? பிளாட்லாக் டெய்லர். மிஷினை ஓட்டுவது வலது கால் பெடல். கணுக்காலை மடக்கி அழுத்தி, தூக்கி, மறுபடி அழுத்தி, நாள் முழுக்க அதே அசைவு. பீஸ் ரேட் என்பதால் வேகம் குறைந்தால் கூலி குறையும். அதே கணுக்கால் முறிவு ஒரு பள்ளி ஆசிரியருக்கு வந்தால் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. உச்ச நீதிமன்றம் 2011இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் இதைத்தான் சொன்னது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாது. ஆகவே உறுப்பு எத்தனை சதவீதம் போனது என்று பார்ப்பதோடு நிற்காமல், அவர் தொழிலில் எத்தனை சதவீதம் போனது என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போடுகிறேன். மாதம் 18,000. நாற்பது வயதுக்குக் கீழ், நிரந்தர வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும். இது பிரணய் சேத்தி வழக்கில், 2017இல் வந்தது. காயம்பட்டு உயிரோடு இருப்பவருக்கும் இது பொருந்தும் என்று 2020இல் தெளிவாக்கிவிட்டார்கள். ஆக 25,200. ஆண்டுக்கு 3,02,400. சர்லா வர்மா வழக்கின் (2009) அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் (ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண்) 16. ஆக 48,38,400. தொழில் இழப்பு 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 12,09,600. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வலி வேதனைக்கு, எல்லாம் இதற்கு மேல்.

ஒரே கால், ஒரே எலும்பு முறிவு. ஒரு பக்கம் ஒன்றரை லட்சம், மறுபக்கம் பன்னிரண்டு லட்சம். இதனால்தான் 50,000 பத்திரத்தைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 12 லட்சம் தானாக வராது. 18,000 என்பதை நிரூபிக்க ஆள் வேண்டும். ஆவணம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை உத்தேசமாக வைக்கும், அது உண்மையான கூலியைவிடக் குறைவாகவே இருக்கும். கான்ட்ராக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, தன் சம்பள நோட்டைக் காட்டி, "இவர் முன்பு ஒரு ஷிப்டில் இத்தனை பீஸ் தைப்பார், இப்போது இத்தனைதான்" என்று சொன்னால் அதற்கு ஈடே இல்லை. சான்றிதழ் தரும் மருத்துவரிடமும் தொழிலைச் சொல்லுங்கள். கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, பெடல் அழுத்த முடியுமா, நீண்ட நேரம் உட்கார்ந்தால் வீங்குகிறதா என்பது எழுத்தில் வரட்டும். வெறும் "வலி உள்ளது" என்ற வரிக்கு மதிப்பு இல்லை.

கொங்குத்தறி

சர்வேயர் ஐயா, இந்தக் கணக்கு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. எங்க பையனுக்குச் சதவீதக் கணக்குத்தான் போட்டாங்க. அவனும் தறியில கால் போட்டு நிக்கற வேலைதான். அப்பீல் போகலாமா?

பவானிக்கரை வக்கீல்

தீர்ப்பு வந்து 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீடு போடலாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மன்னிக்கவும் இடம் உண்டு. தீர்ப்பு நகலோடு யாராவது ஒரு வழக்கறிஞரைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சம்மதித்து முடித்திருந்தால் மட்டும் அப்பீல் கிடையாது.

வைகைப்புனல்

மதுரையிலிருந்து. என் அம்மா பூ கட்டி விற்பவர். சில வருஷத்துக்கு முன்பு அரசுப் பேருந்து பின்னால் இடித்து இடுப்பெலும்பு உடைந்தது. கொங்குத்தறி அண்ணன் சொல்கிற மாதிரி எங்களுக்கும் ரொம்ப இழுத்தது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்குத் தனியார் வண்டி மாதிரி இன்சூரன்ஸ் கிடையாது, சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கழகமே தன் நிதியிலிருந்து கட்ட வேண்டும். தீர்ப்பு வந்தும் கட்டவில்லை. நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே போய் வண்டியை ஜப்தி செய்த பிறகுதான் தொகையைக் கட்டினார்கள். நம் ஊர்ப் பேப்பரில் அடிக்கடி வரும் செய்திதான், ஆனால் நம் வீட்டுக்கு நடக்கும்போது அதன் கொடுமை தெரிகிறது.

சொல்ல வந்தது வேறு. அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பூ கட்டுவார். இடுப்பு உடைந்ததும் கீழே உட்கார முடியாமல் போனது. "கை நன்றாகத்தானே இருக்கிறது, பூ கட்டுவது கையால்தானே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். எங்கள் வக்கீலம்மா ஒரு பூக்கூடையையும் நாரையும் கொண்டுவந்து, அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டிக் காட்டச் சொன்னார். பந்து மடியில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. நீதிபதி அதை நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டார். தொழில் இழப்பைத் தனியாகக் கணக்கிட்டுத் தந்தார்கள். சர்வேயர் ஐயா சொல்வது ஏட்டில் மட்டும் இருப்பது இல்லை, தம்பி. கேட்டால் கிடைக்கும்.

முத்துநகர்

தூத்துக்குடி. இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கணும். எங்க பெரியப்பாவை ராத்திரி பைபாஸ்ல ஏதோ வண்டி அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிருச்சு. காலமாயிட்டாங்க. எப்.ஐ.ஆர். இருக்கு, வண்டி யாருதுன்னு தெரியல. இதுக்கு ஒன்னுமே கெடையாதுன்னு ஊர்ல சொல்லுதாங்க. உண்மையா?

பழைய சர்வேயர்

உண்மை இல்லை. உங்கள் குடும்பத்துக்கு என் அனுதாபங்கள். அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் 2 லட்சம், படுகாயம் என்றால் 50,000. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்பு 25,000மும் 12,500மும்தான். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எப்.ஐ.ஆர்., பிரேத பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். ஆட்சியர் உத்தரவு போட்டதும் பணம் வரும். இந்தத் திட்டம் இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

ஸ்டேஷனையும் விடாதீர்கள். டோல்கேட் கேமரா, பெட்ரோல் பங்க் கேமரா பதிவுகளைக் கேட்டு மனு கொடுங்கள், பழைய பதிவுகள் அழிந்துபோகும் முன்பே. வண்டி பின்னால் கண்டுபிடிக்கப்பட்டால் தீர்ப்பாயத்துக்குப் போய் முழு இழப்பீடு கேட்கலாம், வாங்கிய 2 லட்சம் அதில் கழியும்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. எப்.ஐ.ஆர். போட்டாச்சு, 281, 125(ஏ)ன்னு. காயச் சான்றிதழ் வந்ததும் மாத்தறேன்னு எஸ்.ஐ. சொன்னார். கார்க்காரர்கிட்டப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். இன்சூரன்ஸ் கட்டும்னு தெரிஞ்சதும் அவருக்கே நிம்மதி. பாலிசி காப்பியும் லைசென்ஸ் காப்பியும் அவரே வாட்ஸப்ல அனுப்பிட்டார். 30 பர்சென்ட் ஆளை அண்ணியே வார்டுல இருந்து கிளப்பி விட்டுட்டாங்க.

ரெண்டு சந்தேகம். அண்ணனுக்குக் கம்பெனியில ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்க. அதுல பணம் வாங்கினா இந்தக் கேஸ் போடக்கூடாதுன்னு கான்ட்ராக்டர் சொல்றார். அப்புறம், கார் இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து கூப்பிட்டு, சட்டப்படி உடனே ரெண்டரை லட்சம் வாங்கிக்கலாம், யார் தப்புன்னு நிரூபிக்கவே வேண்டாம்னு சொன்னாங்க. வாங்கலாமா?

பவானிக்கரை வக்கீல்

ஈ.எஸ்.ஐ. தடை முதலாளிக்கு எதிராகத்தான். கார் உங்கள் முதலாளியுடையது இல்லையே. அண்ணன் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்திருந்தால் அதுவும் பணிக்காயமாகக் கருதப்படும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேறு எங்காவது போகும்போது நடந்திருந்தால் குறைந்த விகிதத்தில் நோய்க்கால உதவித்தொகை. இரண்டில் எதுவானாலும் உடனே விண்ணப்பியுங்கள். கொங்குத்தறி அண்ணன் கேட்டாரே, இன்றைய அரிசிக்கு என்ன வழி என்று, அதற்கு ஒரு பதில் இது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கூலி எவ்வளவு என்று கம்பெனி கணக்கில் எங்கோ பதிவாகியிருக்கிறது. அதை எடுங்கள்.

அந்த இரண்டரை லட்சம் பிரிவு 164இல் வருவது. இறப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம், தப்பு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. யார் தப்பு என்பதே சிக்கலான வழக்குகளில் அது பெரிய வரம். ஆனால் கம்பெனியோடு சமரசமாக அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் நீங்கள் போட்ட மனு காலாவதி ஆகிவிடும். இதைப் போனில் பேசியவர் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் வழக்கில் தப்பு தெளிவாகக் கார் மேல் இருக்கிறது, நேரில் பார்த்த அண்ணியே சாட்சி. கால் தேறி, ஊனச் சான்றிதழ் கையில் வரும் வரை எந்தச் சமரசத்துக்கும் அவசரப்படாதீர்கள். சான்றிதழ் வந்த பிறகு கம்பெனி நியாயமான தொகை சொன்னால் லோக் அதாலத்தில் முடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போது எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடலாம்.

நொய்யல்கரை

புரிஞ்சுதுங்க சார். இன்னொன்னே ஒன்னு. ஒன்றரை வருஷம் கழிச்சு பிளேட்டை எடுக்க மறுபடி ஆபரேஷன் பண்ணனும்னு டாக்டர் சொல்றார். அதுக்குள்ள தீர்ப்பு வந்துட்டா அந்தச் செலவு?

பவானிக்கரை வக்கீல்

அதையும் இந்த மனுவிலேயே கேட்க வேண்டும். இழப்பீடு ஒரே முறைதான், பின்னால் பில்லோடு திரும்பி வர முடியாது. பிளேட் எடுக்க ஆபரேஷன், மருந்து, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே லெட்டர்ஹெட்டில் மதிப்பீடு எழுதி, தேதியும் பதிவு எண்ணும் போட்டு வாங்குங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே கேளுங்கள்.

நொய்யல்கரை

வியாழக்கிழமை செக்கப்புங்க. வாங்கிர்றேன்.